கீழ்ப்பாத்தி

சந்தையில் அவளைச் சல்லடை என்றுதான் சொல்வார்கள். பழைய மாவுச் சல்லடையின் வலையைப் பிய்த்துத் தொப்பியில் தைத்து முகத்துக்கு மறைப்பு பண்ணிக்கொண்டவள். தொப்பி மூன்று தடவை மாறிவிட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வயது ஐம்பத்து மூன்று. வீட்டில் அவள் அக்கா. அப்பா போனபிறகு பூ தம்பிக்கு, தேனீ அவளுக்கு என்று வேலை தானாகப் பிரிந்துகொண்டது. நிலப் பத்திரமும் தானாகத் தம்பி பேருக்குப் போனது. அன்றைக்கு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அவளும்தான்.

பூவும் தேனீயும் அண்ணன் தங்கை மாதிரி ஒத்துப்போகும் என்று வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பூ விற்கிறவன் மொட்டு வாய் திறக்கிறபோதே வெட்டியாக வேண்டும். தேனீக்கோ வாய் திறந்தபிறகுதான் வேலை ஆரம்பம். வசந்தத்தில் சண்டை வராது. வேலியோரக் களை முதற்கொண்டு எல்லாம் பூத்துக் கிடக்கும். கோடையில் சாலை மரங்கள் இருக்கின்றன. மழை ஓய்ந்து குளிர் இறங்குவதற்கு முன்னால் வரும் மூன்று வாரம்தான் வம்பு. அப்போது சுற்றுவட்டாரத்திலேயே தேனீக்கு மகரந்தம் தரும் பூவென்று இருப்பது கீழ்ப்பாத்தியில் உள்ள நீல ஆஸ்டர் மட்டும். அந்த மகரந்தத்தைத் தின்று வளரும் தேனீக்கள்தான் குளிரைத் தாண்டும். முந்தின வருஷம் தம்பி அதை ஒட்ட வெட்டிவிட்டான். குளிர் முடிந்து மூடியைத் திறந்தபோது நாலு தேனீப் பெட்டியில் சத்தமே இல்லை.

அதனால்தான் இந்த வருஷம் விதைப்புக்கு முன்பே பேசி முடித்தாள். பெட்டிகள் இருந்த மேட்டை, வெட்டிய பூ வாடாமல் வைக்கத் தம்பி கட்ட நினைத்த குளிர் அறைக்கு விட்டுக் கொடுப்பது, பதிலுக்குக் கீழ்ப்பாத்தியில் கத்தி படாமல் இருப்பது. தம்பி சரியென்றான். விதைப் பொட்டலங்களைப் பிரித்தபடி தம்பி மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டிகள் வேலியோரத்துக்குப் போயின. மேட்டில் தம்பி குளிர் அறை கட்டினான். கோடையில் அது இரண்டு நாள் மக்கர் பண்ணியதில் ஒரு வாரப் பூ அழுகிக் கூழானது. அதிலிருந்து தம்பியின் முகத்தில் களை இல்லை. அந்த நேரம் பார்த்து அலங்காரக்காரர் வந்தார். ஹோட்டல்களுக்கும் மண்டபங்களுக்கும் பூ அடுக்குகிறவர். கீழ்ப்பாத்தி ஓரமாக நின்று, "இந்த நீலம் எனக்கு எங்கேயும் கிடைக்கலை. மொத்தமாக் கொடுங்க. வருஷம் பூரா உங்ககிட்டதான் எடுப்பேன்" என்றார். தம்பி தலையாட்டிவிட்டான்.

கொட்டகையில் பூக்கட்டுகளுக்குக் காகிதம் சுற்றியபடி தம்பி மனைவிதான் விஷயத்தைப் போட்டுடைத்தாள்.

"நாளைக்குக் காலையில கீழ்ப்பாத்தியை வெட்டறாங்க அண்ணி. உங்ககிட்ட சொல்லிட்டதா அவர் சொன்னார். சொன்னாரா?"

"இல்லை."

"நெனச்சேன்."

தம்பி குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் இன்னும் மும்முரமாகக் கழுவினான்.

"பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு வச்சுக்கலாம் அக்கா. நானே காய்ச்சித் தர்றேன்."

"பாகு வயித்தை நிரப்பும். புழு வளரணும்னா மகரந்தம் வேணும்."

"ஒரே ஒரு தடவை விட்டுக் கொடுக்கக் கூடாதா?"

"போன வருஷமும் இதே ஒரே ஒரு தடவைதான்."

"அவர்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்."

"என்கிட்டயும்தான் கொடுத்தே."

அவன் வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அக்காவுக்குப் பேச்சு முடியவில்லை.

பொழுது சாய்ந்து தேனீக்கள் எல்லாம் வீடு திரும்பியதும் ஈரத்துணியால் பெட்டி வாசல்களை அடைத்தாள். மொத்தம் பதினொரு பெட்டி. பத்தை ஒவ்வொன்றாகக் கைவண்டியில் ஏற்றிக் கீழ்ப்பாத்திக்குள் கொண்டு போய், வரிசைக்கு நடுவே நடுவே இறக்கினாள். முழங்கால் இரண்டும் பேச ஆரம்பித்துவிட்டன. ஒன்றைப் பழைய இடத்திலேயே விட்டாள். இடம் மாறியது தெரியாமல் காலையில் வெளியே போகிற தேனீக்களில் பாதி, பழைய இடத்துக்குத்தான் திரும்பும். அதுகளுக்கு ஒரு வாசலாவது இருக்க வேண்டும். கொஞ்சம் நஷ்டம்தான். தெரிந்தேதான் செய்தாள்.

வெயில் ஏறுகிற நேரம் வேனும் நாலு வெட்டுக்காரர்களும் வந்தபோது பத்துப் பெட்டி வாசலும் திறந்திருந்தன. வண்டிக் குலுக்கலில் தேனீக்கள் ஏற்கெனவே கடுப்பில் இருந்தன. நடுவில் முக்காலி போட்டு, தொப்பி மாட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

வெட்டுக்காரர்களில் மூத்தவர் இரண்டடி உள்ளே வைத்தார், மூன்றடி பின்னால் வந்தார். "எனக்குப் பூ வெட்டத்தான் கூலி பேசியிருக்கு" என்று அலங்காரக்காரரிடம் சொல்லிவிட்டு வேன் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அலங்காரக்காரர் நல்ல மாதிரியான மனிதர். பாத்திக்கு வெளியே நின்றே கேட்டார்: "எத்தனை நாள்மா இப்படி உட்காருவீங்க?"

"பூ வாடற வரைக்கும்."

"பாதியாவது?"

"எந்தப் பாதிப் பெட்டி சாகலாம்னு நீங்களே காட்டுங்க."

அவர் ஒரு அடி பின்வாங்கினார். தம்பிதான் ஓடி வந்தான். வலை இல்லாமலே வரப்பு வரைக்கும் வந்து நின்றான்.

"எழுந்திரு அக்கா. ஊர் சிரிக்குது."

"சிரிக்கட்டும். இலவசம்தானே."

"நிலம் என் பேர்ல இருக்கு. ஞாபகம் இருக்கா?"

வெட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இத்தனை வருஷத்தில் அவன் அதைச் சொன்னதில்லை. அக்கா முக்காலியை விட்டு அசையவில்லை.

"உன் பேரை நான் கேக்கலைடா. நீ பேசின பேச்சைத்தான் கேக்கறேன்."

தம்பி திரும்பி, பின்னாலேயே வந்து நின்ற மனைவியைப் பார்த்தான். "நீ போய் வெட்டு. உன்னை அதுங்க ஒண்ணும் பண்ணாது."

பெட்டிகளோடு பழகியவள்தான் அவள். இடுப்பில் இருந்த கத்தியை எடுத்தாள், வேனின் பின்படியில் வைத்தாள். "விதைப்பு அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன். என் காது நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு நடந்தாள்.

வேன், மேட்டை ஒட்டிய மேல்பாத்தியின் மொட்டுகளோடு போனது. அலங்காரக்காரர் மறுபடி வரவில்லை. அக்கா எட்டு நாள் முக்காலியில் உட்கார்ந்தாள். ஒன்பதாம் நாள் ஆஸ்டர் தலை தொங்க ஆரம்பித்ததும் எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தம்பி அவளோடு பேசவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டே, "கதவைச் சாத்தச் சொல்லு" என்று மனைவியிடம் சொல்வான். அக்கா சாத்துவாள். வீட்டில் காசுக்கு இழுபறிதான். வருஷம் பூரா பூ எடுக்கிறேன் என்றவரைத் துரத்திவிட்டோமே என்று அவளுக்கும் உறுத்தியது. கிழங்கு வேகும் அடுப்பைப் பார்த்தபடி அதையே யோசித்தாள். ஆனால் யோசனை ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு இடத்தில் போய் நின்றது. பத்திரத்தில் பேரைக் கேட்கவில்லை என்று பெருமையாகச் சொன்னோமே, ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் பத்துப் பெட்டியைச் சுமந்திருக்க வேண்டாம். கேட்காதது பெருந்தன்மை இல்லை, பயம். அதை ஒப்புக்கொள்ள அவளுக்குக் குளிர்காலத்தில் பாதி ஆனது.

குளிர் விட்டது. மூடிகளைத் திறந்தாள். ஒரு பெட்டி போயிருந்தது. மற்ற பத்தும் இரைந்தன. அன்றைக்கே போய்த் தம்பி எதிரில் நின்றாள். அவன் பாத்திக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்குப் பேரைக் கேக்கலைன்னு சொன்னேன். அது தப்பு. இப்ப கேக்கறேன். கீழ்ப்பாத்தியை என் பேர்ல எழுதிக் கொடு."

குளிர்கால மௌனம் உடைந்தது. "உனக்கென்ன கிறுக்கா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் தர்பூசணி போடறவர் காய் பிடிக்கறதுக்குப் பெட்டிகளைக் கேட்டிருக்கார். இடமும் தர்றாராம். தேனும் அங்கேதான் வடியும். பூ இல்லாத மாசத்துல நீ எதை விப்பேன்னு யோசி."

"என்னை மிரட்டறியா?"

"ஆமா."

தம்பி மூன்று வாரம் குதித்தான். அப்பாவை இழுத்தான், கூடப் பிறந்த பாசத்தை இழுத்தான். அவள் பெட்டிகளுக்குக் கயிறு கட்டினாள். நாலாவது வாரம் தர்பூசணிக்காரரின் வண்டி வாசலில் வந்து நின்றது. இரண்டு பெட்டி ஏறியும் விட்டது. தம்பி மனைவி சட்டையை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள். "கிளம்புங்க. ஆபீஸ் மத்தியானத்துக்கு மேல திறக்க மாட்டாங்க."

பதிவு அலுவலகத்தில் கூட்டம் இல்லை. குமாஸ்தா தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகத் தம்பியைப் பார்த்தார். "முழுச் சம்மதத்தோடதானே கொடுக்கறீங்க?"

"சம்மதம் இல்லை. கையெழுத்துப் போடறேன்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி ஒரு கட்டம் இந்தத் தாள்ல இல்லையே."

தம்பி ஜன்னலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கடைசியில் அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. "சரி, சம்மதம்னே போட்டுக்குங்க" என்றான். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவர் இருக்கைதான் காலி. தோள் இடிக்க இடிக்க உட்கார்ந்து வந்தார்கள். பாதி வழியில் தம்பி, "மேல்பாத்தி விதை முடிஞ்சிடுச்சு. உன்கிட்ட மிச்சம் இருக்கா?" என்று முறைப்பாகக் கேட்டான்.

"இருக்கு. விதைச்சது போக மீதி தர்றேன்" என்றாள் அக்கா. வீட்டுக்கு வந்ததும், வண்டியிலிருந்து திரும்ப இறக்கி வைத்திருந்த இரண்டு பெட்டியையும் பார்த்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழ்ப்பாத்திக்கு இறங்கினாள். இன்னும் இரண்டு மணி நேரம் வெளிச்சம் இருந்தது.