ஸ்கேல் வைத்து இழுத்த பாதை

அமெரிக்கா முழுவதையும் ஒரே தாளில் அடக்கும் ரயில் வரைபடங்களை சிகாகோவில் வரைந்துகொண்டிருந்தான் இலைஜா. அவன் முதலாளி குரோவருக்கு ஒரே கொள்கைதான். படம் கேட்ட கம்பெனியின் பாதை தடியாக, நேராக இருக்க வேண்டும். போட்டிக் கம்பெனியின் பாதை மெலிந்து, புழு மாதிரி நெளிய வேண்டும்.

மிசௌரிப் பாதையைப் போடும்போது, “நடுவுல மலை இருக்குதுங்க” என்றான் இலைஜா.

“மலையா வந்து டிக்கெட் வாங்குது? ஸ்கேலை வச்சு இழுப்பா.”

இழுத்தான். கோடு அழகாக விழுந்ததில் பெருமை வேறு. அந்தப் பெருமையில்தான் மிசௌரியில் இருந்த, அவனுக்கு நிச்சயமான ஹெப்சிக்கு ஒரு பிரதியை அனுப்பித் தொலைத்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை அவள் கடிதம் வந்தது.

‘வளைஞ்சு போற ரயில்லயே போம்மான்னு அப்பா சொன்னார். நான் நீ போட்ட நேர்பாதையிலதான் வர்றேன். வெள்ளி மத்தியானமே வந்துடுவேன். சனிக்கிழமை கல்யாணம் நடக்கலைன்னா மறுநாளே திரும்பிடணுமாம், அப்பா உத்தரவு.’

 மதியம் இலைஜா ஸ்டேஷனுக்கு ஓடினான். அவள் வரவில்லை. எப்படி வருவாள்? ரயில் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. கல்யாணத்தை நடத்திவைக்கும் போதகரோ சனிக்கிழமை பன்னிரண்டு மணி வண்டியில் டகோட்டாவுக்குக் கிளம்புகிறவர். திரும்பி வர மூன்று மாதம் ஆகும்.

சனிக்கிழமை பதினொன்றேகாலுக்கு ஹெப்சி தேவாலயத்துக்குள் வந்தாள். முகமெல்லாம் கரி. கையில் வரைபடம்.

“இதை எந்தக் கையால போட்ட?”

“முதலாளிதான்...”

“முதலாளியையா கேட்டேன்?”

இலைஜா வலது கையைக் காட்டினான். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

போதகர் கடிகாரத்தைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். “இந்தப் பெண்ணுக்கு உண்மையாக இருப்பாயா?”

“இருப்பேன்.”

“கொஞ்சம் பொறுங்க ஐயா.” ஹெப்சி ஒரு பென்சிலை நீட்டினாள். “முதல்ல இந்தப் பாதைய உண்மையா போடு.”

இலைஜா பெஞ்சின் மேல் படத்தை விரித்தான். மறைத்த வளைவு ஒவ்வொன்றும் அவனுக்கு மனப்பாடம். வரைந்துகொண்டே போனான். அவள் விரல்விட்டு எண்ணினாள்.

“அங்க இன்னொண்ணு விட்டுட்ட. அதுலதான் வாந்தி எடுத்தேன்.”

அதையும் போட்டான். போட்டிக் கம்பெனியின் பாதையைவிட இதுதான் அதிகமாக நெளிந்தது.

“அம்மா, என் வண்டி...” என்றார் போதகர்.

“பதினேழு. சரியா இருக்கு.” ஹெப்சி படத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். “இப்ப என்னைக் கேளுங்க ஐயா.”