யோகலட்சுமி வீட்டுக்கு வந்த மானிட்டர்

இடைசெவலில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தாள் யோகலட்சுமி. ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. இனி பில் ஒரு திரையிலும் பதிவு இன்னொரு திரையிலும் இருந்தாக வேண்டும், முடியாதவர்கள் சென்னைக்கே வந்துவிடுங்கள் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். புருஷனை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

ஜெயகிருஷ்ணன் கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். கயத்தாறு பக்கம் லாரி தட்டித் தலையில் அடிபட்டான். உயிர் தப்பியது; புத்தி முழுசாகத் திரும்பவில்லை. "பழகின வேலையக் கையில குடுத்துப் பாருங்கம்மா. மனசு மறந்தாலும் கை மறக்காது" என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளைத் தள்ளினாள்.

பூட்டிக் கிடந்த கடையிலிருந்து ஒரு மானிட்டரை ஆட்டோவில் ஏற்றி வந்தாள். லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்து வயரைச் செருகினால் 'நோ சிக்னல்' என்று வந்தது. அவன் கையில் குடுக்க ஒரு வேலை கிடைத்ததே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

"ஏங்க, இங்கன வாங்களேன். படம் வரமாட்டேங்கு. என்னன்னு பாருங்க."

வந்தான். வயரை உருவி, முனையை வாயருகே கொண்டுபோய் ஊதினான். கடையில் எப்போதும் அப்படித்தான் செய்வான். அவள் இன்னும் கிட்டே வந்து நின்றாள்.

பிறகு அதைச் சார்ஜர் ஓட்டையில் வைத்து அழுத்தினான். போகவில்லை. திருப்பி வைத்து அழுத்தினான்.

"அங்கன இல்லங்க."

"போகும். போகும்ட்டி." லேப்டாப் மேஜை விளிம்புக்கு நகர்ந்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் வயரையே பார்த்தான்.

"இது என்னது?"

அவன் வயரைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

கடையில் முன்பு அவனோடு வேலை பார்த்து, விபத்துக்கு முன்பே வெளியூர் போய்விட்ட இசக்கிமுருகனுக்குப் போன் போட்டாள்.

"மதினி, மானிட்டருக்குக் கீழ பொத்தான் இருக்கும். அத அமுக்கி ஹெச்.டி.எம்.ஐ.ன்னு மாத்துங்க. வரலேன்னா, விண்டோஸ் கீயையும் பி-யையும் சேத்து அமுக்கி எக்ஸ்டெண்ட் குடுங்க. இதுக்கா போனு? அண்ணாச்சியே சொல்லியிருப்பாவளே?"

"அவிய தூங்குதாவ" என்றாள்.

இசக்கிமுருகன் சொன்னபடி செய்ததும் திரை வெளிச்சமானது. மவுஸை இழுத்தால் அம்புக்குறி லேப்டாப்பைத் தாண்டி மானிட்டருக்குள் போனது. பில் அங்கே, பதிவு இங்கே. போட்டோ எடுத்து அனுப்பினாள். "குட். திங்கட்கிழமையிலிருந்து புது முறையில் வேலை" என்று மேனேஜர் பதில் போட்டார். வேலை தப்பித்தது. அவள் ஒரு பில்லைத் திறந்தாள்.

"ஏட்டி, பசிக்கி."

எப்போதும் முதல் கூப்பாட்டுக்கே எழுந்து ஓடுகிறவள்.

"இந்தா வாரேன்" என்றாள். அவன் திரும்பவும் கூப்பிட்டான். அவள் அடுத்த பில்லைத் திறந்தாள்.