ஏழாங்கட்டையும் இரண்டு குவாசர்களும்

1

காலை மணி பத்து இருபது. புந்தோங் சாலையோர ஒட்டுக்கடையில், வானியல் ஆய்வு செய்யும் தினேஸ்வரி ஒரு தட்டில் இரண்டு வடைகளை ஒட்டவைத்தாள். நான் எழுதும் இந்தக் கதை அங்கே பிறந்தது.

"ரெண்டும் குவாசர்ணே. இங்கேருந்து பாத்தா ஒட்டித் தெரியுது. ஒண்ணு எங்கயோ பின்னால கெடக்கலாம். நெசமாவே ஜோடியான்னு தெரியணும்."

குவாசர் என்பது பெருங்கருந்துளை இரை விழுங்கும்போது எழும் வெளிச்சம். பிரபஞ்சம் இளமையாக இருந்தபோது கிளம்பியது, இப்போதுதான் வந்து சேர்கிறது. (இதைவிட அழகான வாக்கியம் ஒன்று இருந்தது. தவறு என்று அவள் அடித்துவிட்டாள்.)

இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால் அவளுடைய ஆய்வு நிலைக்கும். இல்லையென்றால் முதலிலிருந்து. அளந்த முடிவு இன்று அவள் கைப்பேசிக்கு வரும்.

2

முதல் வரைவு: "கோடானுகோடிக் கட்டைக்கு அப்பால் அந்த ஜோடி—"

கைவிட்டேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தூரம் என்றால் கட்டைதான், சாலையோரக் கல் கணக்கு. ஆனால் அவள் கேட்டாள்:

"எந்தக் கட்டைணே? மைலா, கிலோமீட்டரா?"

நியாயம். எங்கள் தோட்டத்து முனையில் மைல்கல்லைப் பிடுங்கிக் கிலோமீட்டர் கல் நட்டார்கள். கல்லில் பதினொன்று. பேச்சில் இன்றும் ஏழாங்கட்டை. இதைச் சொன்னதும் அவள் பிடித்துக்கொண்டாள்:

"வானத்துலயும் அப்படித்தான். வெளிச்சம் கெளம்புனப்ப ஒரு தூரம். வெளி விரிஞ்சுகிட்டே போவுது, இப்ப வேற தூரம். ரெண்டும் சரிதான். ஆனா ஒண்ண ஒண்ணு ஈர்ப்புல புடிச்சுகிட்டு இருந்தா, அதுங்களுக்கு நடுவுல மட்டும் விரியாது."

3

பக்கத்து மேசையில் சுரேன். லூமுட் படகுத்துறையில் வேலை. ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம் மோட்டார் சைக்கிளில் இங்கே வருகிறான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

[இவன் தேவையா? தினேஸ்வரி தேவையில்லை என்றாள். அவன் வரிகளை அடித்தேன். மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறான்.]

"வடைக்கு வாரேன்ணே," என்றான் என்னிடம்.

"லூமுட்டுல வடை இல்லையா லா?" இது தினேஸ்வரி.

"இருக்கு. ஜோடியா வெக்க மாட்டாங்க."

4

முடிவு அ: தூரம் வேறு. அவள் ஒரு வடையைத் தின்றுவிட்டு மறுபடி தொடங்குகிறாள்.

முடிவு ஆ: ஒரே தூரம். அவள்

வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் கைப்பேசி முந்திக்கொண்டது. பார்த்தாள்.

"ரெண்டும் சாமாணே. ஒரே தூரம். ஜோடிதான்."

கடைக்காரர் எதற்கென்று கேட்காமலே எல்லோருக்கும் நுரை ததும்பத் தே தாரிக் ஆற்றி வைத்தார். இங்கே முற்றுப்புள்ளி வைத்திருக்கலாம். அதற்குள் சுரேன் நாற்காலியை இழுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்துவிட்டான். அவள் பதிலை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். அவன் கேட்டது இதுதான்:

"லூமுட்டுக்கும் புந்தோங்குக்கும் நடுவுல விரியுமா, விரியாதா, தினேஸ்?"