பத்தொன்பதாவது ஸ்லைடு

எனக்கு முன்னால் பேசியவன் பதினைந்து நிமிடத்தை இருபத்தேழாக இழுத்து, "கடைசியா ஒண்ணு" என்று நாலாவது தடவை சொன்னபோதே எனக்கு வயிறு எரிந்தது. மானுடவியல் மாநாட்டில் மாணவர்களின் நேரத்துக்கு நாதியில்லை. தலைமை தாங்கிய பேராசிரியை கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார், அவனைப் பார்க்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளச் சொன்னார்.

கடைசி வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பதினாறு வருஷமாக ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள், லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். முதல் வரிசையில் அதே ஆஸ்பத்திரியின் நிர்வாகி. அவர்தான் சிறப்பு விருந்தினர், பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். அவரை அழைக்க வைக்கத் துறை அலுவலகத்துக்கு நாயாய் அலைந்தது நான்தான்.

எல்லாம் ஒரு முடிச்சுக்காக. வார்டில் படுக்கை விரிப்பை உருவும்போது உள்ளே ஊசி கிடக்குமோ என்று சந்தேகம் வந்தால், உதறிப் பார்க்க நேரமில்லாத பெண்கள் ஒரு மூலையில் முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள். கீழே சலவைப் பிரிவில் அம்மாவும் மற்றவர்களும் அதை மட்டும் தனியே எடுத்து, தடித்த கையுறை மாட்டிப் பிரிப்பார்கள். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத ஏற்பாடு. எட்டு மாதம் அங்கே நின்று நான் கண்டுபிடித்ததே அதைத்தான். முடிச்சால் துணி நைந்துபோகிறதென்று திங்கட்கிழமை முதல் நிர்வாகி அதைத் தடை செய்யப் போகிறார். அது எதற்கென்று அவருக்குத் தெரியாது. அம்மா மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பார்த்தாள், பேச்சு அவரைத் தாண்டி மேலே போகவில்லை. நீ பேசினால் கேட்பார் என்று சலவைப் பிரிவே சேர்ந்து பொறுப்பை என் தலையில் கட்டியது.

முடிச்சு பத்தொன்பதாவது ஸ்லைடில் இருந்தது. அதற்கு முன்னால் பதினெட்டும் கோட்பாடு: யார் எந்த வருஷம் என்ன சொன்னார், அவரோடு நான் எங்கே ஒத்துப்போகவில்லை. அதில்லாமல் பேசினால் ஆராய்ச்சியில்லை, வெறும் செய்தி என்பார்கள் என்று என் வழிகாட்டி மண்டையில் ஏற்றியிருந்தார். நேரே பத்தொன்பதுக்குத் தாவியிருக்கலாம். ஆனால் வழிகாட்டி இரண்டாவது வரிசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் ஸ்லைடிலிருந்தே ஆரம்பித்து மூச்சுவிடாமல் ஓடினேன். பதினோராவது ஸ்லைடில் நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள்.

கைதட்டினார்கள். நிர்வாகி எழுந்து வந்து கை கொடுத்து, ரொம்ப ஆழமான வேலை என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வழிகாட்டி பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் பல்லைக் காட்டி நன்றி சொன்னேன். நிர்வாகி போய்விட்டார்.

நாற்காலிகளுக்கு நடுவே அம்மா வந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அத்தனை பேரோட பேரைச் சொன்னியே, அவங்கல்லாம் எந்த ஆஸ்பத்திரில துணி துவைக்கிறாங்க?"

படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன். வாசலில் நிர்வாகியின் கார் இல்லை. அங்கேயே நின்று அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஆலோசனைகள் முப்பது நாளில் பரிசீலிக்கப்படும் என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மதியம் சிறந்த கட்டுரைக்கான சான்றிதழை எனக்குக் கொடுத்தார்கள். கோட்பாட்டுத் தெளிவுக்காகவாம். அம்மாதான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

திங்கட்கிழமை அவள் வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகவே வேலைக்குக் கிளம்பினாள். ஏன் என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"இனிமே எல்லாத்துலயும் ஊசி இருக்குன்னு நெனச்சுதானே பிரிக்கணும்."