குள்ள எலியின் ஈற்று

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரெல்லாம் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் ஹில்டா பிராடி ஆய்வகத்தின் எலிக்கூடத்தில் இருந்தாள். ஒரு பிரசவத்தைப் பார்க்க வந்திருந்தாள். கேம்பிரிட்ஜை விட்டு வெளியே, சர்க்கரை பீட்ரூட் வயல்களின் நடுவே இருந்த அந்தச் செங்கல் கட்டடத்தின் ஜன்னல்களில் உறைபனி அப்பிக் கிடந்தது.

கூடத்தின் பொறுப்பாளர் டெஸ்மண்ட் கேட்ச்போல் தேநீரோடு வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன, மகாராணி இன்னும் பெத்துக்கலையா?"

"பெத்துட்டா. இன்னும் உள்ள கை விடல. இப்பப் போய்த் தொட்டா பயத்துல குட்டியத் தின்னுடுவா."

"என் மாமியாரும் அப்படித்தான்" என்றார் டெஸ். ஹில்டா தேநீரைக் கொட்டிக்கொள்ளாமல் சிரிக்கச் சிரமப்பட்டாள்.

மகாராணி என்று அவர் சொன்னது ஒரு குள்ள எலியை. கூடத்தில் இருந்த மற்ற பெண் எலிகளில் பாதிக்குச் சற்று மேல்தான் இருப்பாள். எலிக்கும் மனிதனைப்போல ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி, தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று. யார் தந்த பிரதியானாலும் வேலை ஒன்றுதான் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஹில்டா கையாண்ட வளர்ச்சி மரபணுவோ அப்படி இல்லை. அதில் தகப்பன் தந்த பிரதிதான் பேசியது. தாய் தந்தது வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. தகப்பனிடமிருந்து உடைந்த பிரதியை வாங்கிய குட்டி குள்ளமாகப் பிறந்தது. தாயிடமிருந்து அதே உடைந்த பிரதியை வாங்கினால் ஒரு குறையும் வரக்கூடாது. துறையில் பாதிப்பேர் இதை நம்பவில்லை. குள்ளத் தாயின் சின்ன வயிற்றில் சின்னக் குட்டிதானே பிறக்கும் என்று கேட்டார்கள். மகாராணிக்கு இரண்டு பிரதியும் உடைந்தவை. எதைக் கொடுத்தாலும் உடைந்ததைத்தான் கொடுப்பாள். தகப்பனோ நல்ல எலி. அந்த ஈற்றின் குட்டிகள் முழு அளவில் இருந்தால் வாதம் தீர்ந்துவிடும்.

வாசல் பக்கம் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. "ஞாயித்துக்கிழமையில தீவனமா?" என்றபடி டெஸ் கதவை நோக்கி நடந்தார். அவர் போய்ச் சேரும் முன்பே சம்மட்டி அடியில் பூட்டு பிய்ந்து உள்ளே விழுந்தது.

கம்பளி முகமூடி போட்ட மூன்று பேர் உள்ளே வந்தார்கள். டெஸ் இரண்டு கையையும் விரித்து நடைவழியை மறித்தார். "வெளிய போங்கடா, இங்க..." சொல்லி முடிக்கவில்லை. முன்னால் வந்த நெட்டையன் கையிலிருந்த பிக்காசியின் மரப்பிடி அவர் தாடையில் இறங்கியது. பச்சை விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பற்கள் தரையில் தெறித்தன. விழுந்தவரின் விலாவில் இன்னும் ஓர் உதை.

ஹில்டா கத்திக்கொண்டு ஓடினாள். மூவரில் ஒருத்தி பெண். அவள் ஹில்டாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். "கொலைகாரி! எத்தனை எலியோட கழுத்த முறிச்சிருக்க, சொல்லு! சொல்லுடி!" என்று முகத்தில் துப்பினாள்.

ஹில்டா முறித்தது உண்மை. வாரம் தவறாமல் முறித்திருக்கிறாள். கட்டைவிரலை எலியின் பிடரியில் வைத்து வாலை ஒரு சுண்டு சுண்டினால் போதும். அது அவள் தொழில்.

நெட்டையன் பூட்டை உடைத்த சம்மட்டியை எடுத்துத் தராசுகளையும் நுண்ணோக்கியையும் நொறுக்கினான். கூண்டுகள் அடுக்கியிருந்த அலமாரிகள் சாய்ந்தன. மூன்றாமவன் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கி வந்து, கூண்டுகளைத் திறந்து திறந்து எலிகளை அதற்குள் கவிழ்த்தான்.

"ஆண் எலிங்கள ஒண்ணாப் போடாதே! அடிச்சுக்கிட்டுச் சாகும்!" என்று ஹில்டா அலறினாள்.

"உன்கிட்ட இருக்குறதுக்கு வெளிய போய்ச் செத்தாலும் மேல்" என்றான் நெட்டையன்.

தொட்டிக்குள்ளிருந்து கீச்சொலி கிளம்பியது. ஒருவர் வாசனை ஒருவருக்குத் தெரியாத கடுவன் எலிகள், ஒன்றின் மேல் ஒன்றாய். கவிழ்ந்த கூண்டொன்றில் வெள்ளைத் தாய் எலி ஒன்று மிரண்டுபோய்த் தன் குட்டியைத் தலையிலிருந்து தின்னத் தொடங்கியிருந்தது. ஹில்டா அதைப் பார்த்தபடி சுவரோடு நசுங்கி நின்றாள்.

நெட்டையன் மகாராணியின் கூண்டைத் தூக்கினான். "பாருங்க இத! பட்டினி போட்டே இப்படி ஆக்கியிருக்கா!"

"அது பட்டினி இல்ல! பிறவியே அப்படித்தான்! குட்டி போட்டிருக்கு, கீழ வை!"

அவன் கூண்டைத் தொட்டிக்காரனிடம் நீட்டினான். தொட்டிக்காரன் அதை வாங்கித் தொட்டியின் மேல் சாய்த்தான்.

அப்போது ஹில்டாவுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, அந்தப் பெண்ணின் விரலைக் கடித்துத் திமிறினாள். தரையில் கிடந்த கம்பி மூடியை எடுத்து, இரண்டு கையாலும் ஓங்கி, தொட்டிக்காரனின் முகத்தில் அடித்தாள். மூடியின் முனை முகமூடியின் கண்துளைக்குள் புகுந்தது. அவன் ஊளையிட்டுக்கொண்டு விழுந்தான். கூண்டும் அவனோடு விழுந்தது. முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு, "வேண்டாம், வேண்டாம், ப்ளீஸ்" என்று கையால் முகத்தை மூடினான். இருபது வயதுதான் இருக்கும். கன்னத்தில் ரத்தமும் வேறெதுவோவும் வழிந்தன.

ஹில்டா மறுபடி அடித்தாள். அந்தக் கையின் மேலேயே அடித்தாள். மூன்றாம் முறை ஓங்கியபோது யாரோ அவள் காலைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்து பார்த்தாள். டெஸ். தொங்கிப்போன தாடையோடு ஊர்ந்து வந்து, பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

மற்ற இருவரும் அவனை விட்டுவிட்டு ஓடினார்கள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஹில்டா மூடியைக் கீழே போட்டாள். தொலைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். சாலையெல்லாம் பனிக்கட்டி, தாமதமாகும் என்றார்கள். டெஸ்ஸைப் பக்கவாட்டில் சாய்த்து, கழுத்துக்குத் தன் கோட்டை வைத்தாள். பிறகு அந்தப் பையனிடம் போய்த் துண்டை மடித்துக் கண்ணில் வைத்தாள். அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"பேரென்ன?"

"ரோவன். கண்ணு போச்சா?"

"தெரியல. துண்டை அழுத்திப் பிடி."

தொட்டிக்குள் கீச்சொலி ஓயவில்லை. அவன் மற்ற கண்ணால் அந்தப் பக்கம் பார்த்தான். சாய்ந்து கிடந்த தொட்டியின் வாயோரம் ஒரு கடுவன் இன்னொன்றின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"எதுக்கு இப்படிப் பண்ணுதுங்க? நாங்க வெளிய விடத்தானே வந்தோம்."

"முன்ன பின்ன தெரியாத ஆம்பளைங்கள ஒரே பெட்டியில அடைச்சா வேற என்ன பண்ணும்?"

உயிரோடு இருந்தவற்றைப் பிரித்துத் தனித்தனிக் கூண்டில் விட்டாள். கடி அவள் விரல்களிலும் விழுந்தது. குடல் வெளியே வந்தவையும் பின்னங்கால் இழுபட்டவையும் மிஞ்சின. ஹில்டா அவற்றின் பக்கத்தில் மண்டியிட்டு, பிடரியில் கட்டைவிரல் வைத்து, ஒவ்வொன்றாய் முடித்தாள். ரோவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே பார்த்தான்.

அவள் எழப்போனபோது அவன் சொன்னான்: "அங்க ஒண்ணு இருக்கு. அலமாரிக்கடியில. இன்னும் இழுத்துக்கிட்டிருக்கு. அதையும்... அதையும் பண்ணிடுங்க."

அவள் அதையும் பண்ணினாள்.

மகாராணியின் கூண்டு தலைகீழாகக் கிடந்தது. கூட்டுக் காகிதத்தை விரல் நுனியால் விலக்கினாள். மகாராணி குட்டிகளின் மேல் படுத்திருந்தாள். இரண்டைத் தின்றிருந்தாள், அவற்றின் கால்கள் மட்டும் மிச்சம். மற்றவை உயிரோடு இருந்தன. சிவந்து, கொழுத்து, அந்தக் குள்ளத் தாயின் அடியில் அடங்காமல் பிதுங்கிக்கொண்டிருந்தன. எந்தப் பெரிய எலியின் குட்டிக்கும் அவை இளைத்தவை அல்ல. தராசு வேண்டியதில்லை, கண்ணே போதும்.

ஹில்டாவுக்குள் சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. பின்னால் டெஸ் ரத்தத்தைத் துப்பிக்கொண்டிருந்தார். பையன் தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் கூட்டுக் காகிதத்தைத் திரும்ப மூடிவிட்டு அவர்களிடம் போனாள்.

ரோவனுக்குக் கண் போயிற்று. டெஸ்ஸின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். வசந்தம் வரும்வரை குழாய் வைத்து சூப்தான் குடித்தார். மற்ற இருவர் பெயரையும் ரோவன் கடைசிவரை சொல்லவில்லை. குட்டிகள் வளர்ந்தன. எடையும் சரியாக இருந்தது, துறையில் வாதம் தீர்ந்தது. அவற்றில் பாதியை ஹில்டா தன் கையாலேயே கொன்று, ஈரலை எடுத்து, மரபணுவைச் சோதித்தாள். முன்னெல்லாம் அந்த வேலையின்போது வானொலி கேட்பாள். இப்போது அதை அணைத்துவிட்டுச் செய்தாள்.

ரோவன் மீதான வழக்கு கோடையில் வந்தது. கீழே விழுந்து கெஞ்சியவனை அடித்தீர்களா என்று ரோவனின் வக்கீல் கேட்டார். அடித்தேன் என்றாள். பயத்திலா? "முதல் அடி பயத்துல. ரெண்டாவது கோபத்துல. டெஸ் பிடிக்கலேன்னா மூணாவதும் விழுந்திருக்கும்." மன்றத்தில் ஒரு முனகல் பரவியது. அவள் மேல் வழக்கு எதுவும் போடவில்லை. அதற்குப் பிறகு ஆய்வகத்தில் சிலர் அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். ரோவனுக்கு மூன்று வருடச் சிறை.

தீர்ப்பு நாளில் ஹில்டாவும் டெஸ்ஸும் படி இறங்கி வரும்போது, பூப்போட்ட தொப்பி வைத்த ஒரு அம்மாள் எதிரே வந்து நின்றாள். ரோவனின் தாய். ஹில்டாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். மோதிரம் உதட்டைக் கிழித்தது. போலீஸ்காரர் ஓடி வந்தார். ஹில்டா கை காட்டி அவரை நிறுத்தினாள்.

"அவனுக்குப் படம் வரையிறதுன்னா உசிரு" என்றாள் அந்த அம்மாள். "பறவைங்க படம். தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"உனக்கு என்ன தெரியும்?" இன்னொரு முறை கையை ஓங்கினாள். அந்தக் கை பாதியில் தளர்ந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொப்பி உருண்டு கீழே போயிற்று.

டெஸ் அதை எடுத்து வந்து கொடுத்தார். ஹில்டா இரண்டு படி தள்ளி உட்கார்ந்து கைக்குட்டையை உதட்டில் அழுத்திக்கொண்டாள். "போலாம், ஹில்டா" என்றார் டெஸ், இன்னும் சரியாகத் திறக்காத வாயால்.

"நீ போ. நான் கொஞ்சம் இருந்துட்டு வர்றேன்."