அடுப்புக் கற்கள்

கல் இன்னும் சுட்டது. நாய்தா கையை உதறிவிட்டு மறுபடியும் குழிக்குள் விட்டாள். மண், சாம்பல், கருகிய குதிரைமசால் தழை, யாரோ கடித்துப்போட்ட உருளைக்கிழங்குத் தோல் எல்லாம் நகக்கண்ணில் ஏறின. பத்தாவது கல். பதினொன்று. வீட்டுக்குள் அம்மாவின் பற்கள் தந்தியடிக்கும் சத்தம் முற்றம் வரை கேட்டது.

"என்னடி, புதையலா? இல்ல, வெள்ளைக்காரங்க மிச்சம் வெச்ச எலும்பைப் பொறுக்குறியா?"

அண்ணன் ரூஃபோ. தோளில் போர்வையோடு வாசலில் நின்றான்.

"அண்ணே, கத்தாத. அப்பா வந்துட்டாரா?"

"எங்க வர்றது? அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரோட்டுல நின்னு லாரி பார்த்துட்டு இருக்காரு. நீ மொதல்ல எந்திரி. கையெல்லாம் வெந்து போயிருக்கு பாரு."

அவள் எழவில்லை. பன்னிரண்டு.

மதியம் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பழையவர்களின் கோபுரக் கல்லறைகளைப் பார்க்க வேனில் வந்த வெள்ளைக்காரர்களுக்கு மண்ணடுப்புச் சாப்பாடு. கல்லைப் பழுக்கக் காய்ச்சி, ஆட்டுக்கறியும் கிழங்கும் மொச்சையும் அடுக்கி, தழை போட்டு மண்ணால் மூடியிருந்தார்கள். அம்மாதான் திறந்தாள். முதல் கிழங்கை மண்ணுக்குப் படைக்க எடுப்பதற்காகக் குனிந்து தழையை விலக்கினாள். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. அவ்வளவுதான். வேன் கிளம்புவதற்குள் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பிறகு நடுக்கம். இப்போது பேச்சும் இல்லை.

பக்கத்து வீட்டு பாஸ்குவாலா அத்தை கோக்கா இலைகளைத் துணியில் உதறிக் குறி பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"பழையவங்க வீட்டுப் பொருள் ஏதோ உங்க வீட்டுக்கு வந்திருக்கு. எடுத்ததை எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க. ஒண்ணு குறையக் கூடாது. நம்மளது ஒண்ணு அங்க போயிடவும் கூடாது. இருட்டுறதுக்குள்ள."

அப்பா மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தார். "ஒரு ஓட்டாஞ்சில்லு கூட எடுத்ததில்ல அக்கா. வர்றவங்களையும் தொட விட்டதில்ல."

அப்போது நாய்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, காலைல நீ என்னைக் கிண்டல் பண்ணினியே."

"எதுக்கு?"

"கல்லு கொண்டாந்ததுக்கு."

அவனுக்கு நினைவு வந்தது. அடுப்புக் கல் பொறுக்கும் மேல்சரிவுக்குப் போய்வர இரண்டு மணி நேரம் ஆகும். அவள் அரை மணியில் திரும்பியிருந்தாள். "என்னடி, கழுதைக்கு றெக்கை முளைச்சிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்திருந்தான்.

"நான் தூங்கிட்டேன்ணே. வேன் வர்ற நேரமாயிடுச்சு. நேத்து மேல்சரிவுல எடுத்து வெச்சது பாதிக்குத்தான் இருந்துச்சு. மீதிய…" அவள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். "பட்டிக்குப் பின்னால சரிஞ்சு கிடக்குதே, அந்தக் கல்லறையில இருந்து எடுத்தேன். சும்மா கிடந்த கல்லுதானேன்னு."

ரூஃபோ சிரிக்க வாய் திறந்தான். பிறகு அவன் கண்கள் குழியின் கரி படிந்த விளிம்புக்குப் போயின. அந்தக் கல்லறைகளில் இருக்கும் பழையவர்கள், சூரியன் பிறப்பதற்கு முன்னால் நிலா வெளிச்சத்தில் வாழ்ந்தவர்கள். முதல் சூரியன் வந்த அன்றைக்கு ஓடி ஒளிந்த அந்தக் கல்வீட்டுக்குள்ளேயே வெந்து செத்தவர்கள். ஊரில் நடை பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"பாவி," என்றான் மெதுவாக. "மறுபடியும் நெருப்புல போட்டியா அவங்க வீட்டை?"

"அப்பாகிட்ட சொல்லிடாதண்ணே."

அவன் போர்வையைக் கழற்றித் தரையில் விரித்தான், குழிக்குள் இறங்கினான். இருவரும் தோண்டினார்கள். எதிர்மலையின் உச்சியில் மட்டும் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை எடுத்தே?"

"ஒம்போது. இல்ல, பத்து. கழுதை மேல ஏத்தும்போது எண்ணலண்ணே."

கடைசிக் கல்லும் வெளியே வந்தது. போர்வை மேல் பரப்பிப் பார்த்தார்கள். இதுவும் அதே மலையின் கல், அதுவும் அதே மலையின் கல். எல்லாம் ஒரே கறுப்பு. சில நெருப்பில் இரண்டாக, மூன்றாகப் பிளந்திருந்தன. நாய்தா ஒன்றை எடுத்துப் பாவாடையில் தேய்த்தாள். கரி போனது, அடியிலும் கறுப்புதான். இன்னொன்றைத் தேய்த்தாள்.

உள்ளே பற்களின் சத்தம் நின்றுவிட்டது. அது நல்லதற்கா என்று போய்ப் பார்க்க இருவருக்கும் துணிவில்லை.

எதிர்மலையில் வெயில் ஒரு கையளவு மிச்சமிருந்தது.

"சொல்லுண்ணே," என்றாள், இரண்டு கையிலும் இரண்டு கல்லோடு. "இதுல அவங்களோடது எது?"