சந்தனம் வைத்த ஃப்ளாப்பி

1

போன வாரம் ஆயுத பூஜைக்கு வைட்ஃபீல்ட் ஆபீஸில் என் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்க வந்த பக்கத்து சீட்டு வீணாவின் கையைத் தட்டிவிட்டேன். கிண்ணம் கவிழ்ந்து கார்பெட் முழுக்கக் குங்குமம். "உனக்கென்ன பைத்தியமா?" என்றாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஒரு வாரமாக எழுதி எழுதி அடிக்கிறேன். நீங்கள் படிப்பது அதைத்தான். பதில் என்று சொல்லப் பயமாக இருப்பதால் கதை என்கிறேன்.

முதல் தொடக்கம்: "ஸ்ரீராம்புரத்தின் குறுகிய சந்தொன்றில், வறுமையின் கோரப்பிடியில் ஒரு ஏழைப் பெண்—"

சீ. அந்தப் பெண், தனக்கோடி, இதைப் படித்தால் செருப்பைக் கழற்றுவாள். அவள் அம்மா ரத்தினம்மாள் தெரு பெருக்குகிற வேலையில் இருந்தார். விடிகாலை போய் மத்தியானம் வந்து, ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்துத் தெருவையே மணக்கவைத்த மனுஷி. கோரப்பிடியாம், கோரப்பிடி.

இரண்டாவது தொடக்கம்: "1999. பெங்களூரில் ஒரு கல்லூரி. கம்ப்யூட்டர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், கடைசி வருஷம்." சப்பென்றுதான் இருக்கிறது. பொய் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

2

லேபில் இரண்டு பேருக்கு ஒரு மிஷின். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறவன் கீபோர்டில் உட்காருவான், இல்லாதவர்கள் பக்கத்து ஸ்டூலில் வேடிக்கை பார்ப்பார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் ஒருத்தரும் மீறியதில்லை. காக்ஸ் டவுனிலிருந்து வந்த விக்கி கீபோர்டில். தனக்கோடி ஸ்டூலில்.

அவள் வேடிக்கை பார்க்கவில்லை. ப்ரோகிராமை வீட்டிலேயே லாங் சைஸ் நோட்டில் பென்சிலால் எழுதி, வரி வரியாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொண்டு வருவாள். லேபில் அவள் சொல்லச் சொல்ல விக்கி அடிப்பான். விரல் அவனுது, மூளை அவளுது.

கடைசி வருஷம் ஆளுக்கொரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். அவள் எடுத்தது அம்மாவின் வருகைப் பதிவேடு. வருகை போடுகிற மேஸ்திரிக்குப் பிடிக்காதவர்கள் தெருவைப் பெருக்கி முடித்திருந்தாலும் ஆப்சென்ட், வேண்டியவர்கள் வீட்டில் தூங்கினாலும் ப்ரெசென்ட். அவள் ப்ரோகிராமில் காலை ஏழு மணிக்கு மேல் ஒருத்தரும் எதையும் திருத்த முடியாது.

(வாசகரே, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். இதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.)

கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ரத்தினம்மாள் என்று விக்கி அடிக்கிறான். ஐந்தாவது கிராஸ் தெரு, ப்ரெசென்ட் என்று வருகிறது. "இப்ப நீ மேஸ்திரி. ஆப்சென்ட் போடு, பார்ப்போம்" என்கிறாள். அவன் போடுகிறான். மிஷின் பீப் என்று கத்திவிட்டு மறுக்கிறது. மறுபடி போடுகிறான், மறுபடி பீப். தனக்கோடி ஸ்டூலிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரிக்கிறாள்.

இதைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். அவள், விக்கி, நீங்கள்.

3

மற்றவர்களின் ப்ராஜெக்ட் எங்கே தயாரானது என்று கேட்பீர்கள்.*

* கல்லூரிக்கு எதிர்ச்சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. லைப்ரரி, ஹோட்டல், ஆஸ்பத்திரி, எது கேட்டாலும் ஃப்ளாப்பியும் பைண்ட் பண்ணின புத்தகமுமாகக் கொடுப்பார்கள். விக்கி வாங்கியது ஆஸ்பத்திரி. முதல் பக்கத்தில் வேறு ஏதோ கல்லூரியின் பெயர் இருந்தது. ஒயிட்னர் பூசினான்.

வைவாவுக்கு இரண்டு நாள் முன்னால் லேபில் ஆயுத பூஜை. மிஷினுக்கெல்லாம் மாலை, வாசலில் பூசணிக்காய். லேப் இன்சார்ஜ் சுந்தரமூர்த்தி சார் ஒரு தாம்பாளத்தை நீட்டி, "எல்லாரும் ப்ராஜெக்ட் ஃப்ளாப்பியை வைங்கப்பா, நல்லது" என்றார்.

"என்னுது வேணாம் சார்" என்றாள் தனக்கோடி. "எங்க வீட்ல பௌத்தம். நாங்க இதெல்லாம் பண்றதில்ல."

"சர்ச்சுக்குப் போற நானே வைக்கிறேன், உனக்கென்ன? சும்மா வை" என்றான் விக்கி.

"வேணாம்னா வேணாம்."

அவள் கை கழுவப் போனாள். ஃப்ளாப்பி இரண்டும் விக்கியின் டப்பாவில்தான் இருந்தன. அவன்—

[இந்த வாக்கியத்தை நாலு தடவை பாதியில் விட்டிருக்கிறேன். "காற்றில் டப்பா கவிழ்ந்து" என்றுகூட ஒரு தடவை எழுதினேன். லேபுக்கு ஏசி, ஜன்னலே திறக்காது. காற்று எங்கிருந்து வரும்?]

அவன் அவளுடையதையும் தாம்பாளத்தில் வைத்தான். நல்லது நடக்கட்டும் என்றுதான். சார் ஒவ்வொன்றுக்கும் பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தார். அது தகர மூடிக்கு அடியில் வழிந்து உள்ளே இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

4

வைவா அன்று காலை ஒரு ஃப்ளாப்பியும் திறக்கவில்லை. எல்லாரும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடி இன்னொரு காப்பி வாங்கிவந்தார்கள். வைரஸுக்குப் பயந்து லேப் மிஷின்களை வாராவாரம் துடைத்துவிடுவதால் தனக்கோடிக்கு மிஷினிலும் ஒன்றுமில்லை. நோட்டு மட்டும் இருந்தது.

காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "யாரு வெச்சது?" என்றாள். விக்கி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டியிருந்த லேஸை.

சுந்தரமூர்த்தி சார் பதறிப்போய் ஒரு புது ஃப்ளாப்பியை நீட்டினார். "ஆஸ்பத்திரிம்மா. இதைப் போட்டு பாஸாகிடு. இல்லாட்டி ஒரு வருஷம் போயிடும்."

"நான் கட்டாத ஆஸ்பத்திரிக்கு நான் எப்படி சார் பதில் சொல்வேன்?"

வெளியிலிருந்து வந்த தேர்வாளரின் முன்னால் அவள் நோட்டைத் திறந்து வைத்தாள். "மிஷின் குடுங்க சார். சாயங்காலத்துக்குள்ள திரும்ப அடிச்சு ஓட்டிக் காட்டுறேன்."

"ஒருத்தருக்குப் பத்து நிமிஷம்தான். இதை நீ எங்கிருந்தாவது காப்பியடிச்சிருக்கலாமே?"

"எங்கிருந்து சார்? எந்தக் கடைல விக்கிற ப்ராஜெக்ட்ல எங்கம்மா பேரு இருக்கு?"

அவர் கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டினார். பிறகு வகுப்பைப் பார்த்து, இது ஓடினதை ஒருத்தர் பார்த்திருந்தாலும் போதும், சாயங்காலம் வரைக்கும் மிஷின் தருகிறேன் என்றார். "யாராதரூ நோடித்தீரா?" என்று கன்னடத்தில் கேட்டார், யாராவது பார்த்தீர்களா என்று.

விக்கியின் மடியில் ஒயிட்னர் பூசின ஆஸ்பத்திரி. வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

5

முடிவு (அ): விக்கி எழுந்து நின்றான். "நான் பார்த்தேன் சார்." — அடித்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

முடிவு (ஆ): தனக்கோடி இன்றைக்குப் பெரிய கம்பெனியில் பெரிய பதவி. — இது எனக்கு நானே தடவிக்கொள்கிற தைலம். அவள் ஜெயித்திருந்தால் அன்றைக்கு நடந்தது சின்னதாகிவிடுமா? ஆகாது. அதற்கப்புறம் அவளுக்கு என்ன ஆனது என்பது அவளுடைய சொத்து. அதில் எனக்குப் பங்கில்லை, கதையில் வைத்து விற்க மாட்டேன்.

விக்கி நான்தான். இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். என் வாயில் அன்றைக்குக் கொழுக்கட்டை. எழுந்திருக்கவில்லை. நான் எழுந்ததாக எழுதினாலும் நம்பாதீர்கள்.

ஆனால் நடந்தபடிதான் கதை முடிய வேண்டும் என்று எவன் சொன்னான்? இந்தத் தாளில் தேர்வாளர் இன்னும் நோட்டை மூடவில்லை. தனக்கோடி முதுகைக் காட்டி நிற்கிறாள். யார் எழுந்திருப்பார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டாள். கெஞ்சுகிற ஜாதி இல்லை அவள்.

பார்த்தவர்கள் மூன்று பேர் என்று சொன்னேன். அவள் சொன்னால் எடுபடாது. நான் உட்கார்ந்தே இருக்கிறேன்.

மறுபடி கேட்கிறார், "யாராதரூ நோடித்தீரா?"

ஸ்டூல் போட்டுக் கொடுத்தேனே, அதில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.